பெரியப்பாவின் பூ ஏன் சாய்ந்தது: எழுத்துச் சித்திரம் உலாவிக்கு உலாவி குலைந்தால் என்ன செய்வது

சென்னிமலையில் தறி வைத்திருக்கும் பெரியப்பா, கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் நிரப்பி வைத்திருந்த பார்டர் பூக்களை நான் எழுத்துகளாகத் தட்டி ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். பாவு நூல், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், மேலே வரும் கட்டத்துக்கு ஒரு ஹேஷ், கீழே போகும் கட்டத்துக்கு ஒரு புள்ளி. படமாகவே ஏற்றியிருக்கலாம்தான். ஆனால் எழுத்தாக இருந்தால் நகலெடுக்கலாம், ஒரு கட்டத்தை மட்டும் மாற்றலாம், சிக்னல் மங்கிய இடத்திலும் சட்டென்று திறக்கும்.

```
....#....
...###...
..##.##..
.##...##.
..##.##..
...###...
....#....
```

என் மடிக்கணினியில் பூ பிசிறில்லாமல் நின்றது. மறுநாள் காலை பெரியப்பா அழைத்தார். "கண்ணு, பூவெல்லாம் காற்றில் சாய்ந்த சோளத்தட்டு மாதிரி இருக்கிறதே, நீ பார்த்தாயா?" அவர் கையில் இருந்தது ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைபேசி. அண்ணனின் ஐபோனில் இன்னொரு விதமாகக் குலைந்திருந்தது. அத்தை வீட்டுக் கணினியில் பூவே இல்லை, ஒரே வரியில் ஹேஷ்கள் வரிசை கட்டி நின்றன. ஒரே பக்கத்துக்கு மூன்று வீட்டில் மூன்று நோய். அன்றிலிருந்து சேர்த்த பாடம் இது. உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் முழக்கோல்

சித்திரத்தைத் தொடாதீர்கள். அதற்கு நேர் மேலே, அது இருக்கும் அதே எச்டிஎம்எல் குறிக்குள் (டேக்), இந்த ஐந்து வரியை ஒட்டிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பத்து எழுத்து, கடைசியில் ஒரு நிலைக்கோடு.

```
..........|
##########|
──────────|
██████████|
          |
```

ஐந்து கோடும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றால் எழுத்துருவிலும் இடைவெளியிலும் குற்றமில்லை. சித்திரத்தின் மூலத்திலேயே கோளாறு. முதல் இரண்டு வரியின் கோடுகள் விலகினால் எழுத்துருதான் தப்பு. மூன்றாவதும் நான்காவதும் மட்டும் விலகினால் எழுத்துருவில் அந்தக் குறிகள் இல்லை, உலாவி வேறெங்கிருந்தோ கடன் வாங்கியிருக்கிறது. ஐந்தாவது வரியின் கோடு இடது ஓரத்துக்கு ஓடிவந்துவிட்டாலோ, ஐந்து வரியும் ஒரே வரியாகச் சேர்ந்துவிட்டாலோ உலாவி இடைவெளிகளை விழுங்கிவிட்டது. நான் பார்த்த நோய்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து வரியில் பிடிபட்டுவிட்டன. முழக்கோல் வைக்காமல் சிஎஸ்எஸ்ஸை (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் விதிகளை) மாற்றி மாற்றிப் பார்த்து நான் தொலைத்தது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

முழுச் சித்திரமும் ஒரே வரியாகச் சுருண்டு கிடக்கிறது

அத்தை வீட்டு நோய் இதுதான். அங்கே திறந்தது, புள்ளிக்குப் பதில் வெற்றிடம் வைத்து நான் போட்ட வேறொரு படி. அது இப்படி வந்து நின்றது:

```
# ### ## ## ## ## ## ## ### #
```

இணையப் பக்கத்தின் இயல்பே இதுதான். தொடர்ந்து வரும் இடைவெளிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றாகச் சுருக்கும். வரி முறிவையும் ஓர் இடைவெளியாகவே எண்ணும். கட்டுரைக்கு அது நல்லது, சித்திரத்துக்கு எமன். சித்திரத்தை ப்ரீ என்ற குறிக்குள் வையுங்கள், அதாவது ஆங்கிலத்தின் பி, ஆர், இ என்ற மூன்றெழுத்துக் குறி. அதற்குள் இருக்கும் இடைவெளியும் வரியும் எழுதியபடியே நிற்கும். ப்ரீ குறி போட முடியாத இடமென்றால், இருக்கும் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் வொயிட்-ஸ்பேஸ் என்ற பண்பை ப்ரீ என்று வைத்தாலும் அதே பலன். ஆனால் அது இடைவெளியை மட்டும்தான் காக்கும். ப்ரீ குறி சம அகல எழுத்துருவையும் கூடவே கொண்டு வரும்.

சில எழுதும் கருவிகள் சேமிக்கும்போது உரையின் தலையிலும் வாலிலும் உள்ள வெற்றிடத்தைச் சீவிவிடும். முதல் வரி மட்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மற்ற வரிகள் சரியாக இருந்தால் காரணம் அதுதான். இதற்காகத்தான் நான் வெற்றிடத்துக்குப் பதில் புள்ளிக்கு மாறினேன். புள்ளியை யாரும் சீவுவதில்லை.

வரிகள் இருக்கின்றன, ஆனால் பூ சாய்ந்திருக்கிறது

பெரியப்பாவின் சோளத்தட்டு. தறியில் அச்சின், அதாவது பாவு நூல்கள் நுழைந்து வரும் சீப்பின், இடைவெளிகள் எல்லாம் ஒரே அகலம். அதனால்தான் பாவு நூல் தன் இடத்தில் நிற்கிறது. எழுத்துச் சித்திரத்துக்கும் அப்படி ஒரு அச்சு வேண்டும், அதாவது எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு. நாம் படிக்கும் சாதாரண எழுத்துருக்கள் அப்படியல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஏரியல் எழுத்துருவில் புள்ளியின் அகலம் எழுத்தளவில் 0.278 பங்கு, ஹேஷின் அகலம் 0.556 பங்கு. சரியாக இரு மடங்கு. மேலே உள்ள பூவின் முதல் வரியில் எட்டுப் புள்ளியும் ஒரு ஹேஷும் இருக்கின்றன. 16 பிக்சல் அளவில் அந்த வரி ஏறக்குறைய 44 பிக்சல் நீளம். நான்காவது வரியில் ஐந்து புள்ளி, நான்கு ஹேஷ். அது 58 பிக்சல். இரண்டும் ஒன்பது கட்டம்தான், ஆனால் 13 பிக்சலுக்கு மேல் வித்தியாசம். வரிகள் எல்லாம் இடது ஓரத்தில் தொடங்குவதால் அத்தனை பிசகும் வலப்பக்கத்தில் போய்க் குவியும். பூ சாயாமல் என்ன செய்யும்?

ஃபான்ட்-ஃபேமிலி பண்பில் சம அகல எழுத்துருக்களை வரிசையாக எழுதி, கடைசியில் மோனோஸ்பேஸ் என்று முடியுங்கள். இது பொதுப்பெயர். அந்தந்த உலாவி தன்னிடம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளும். ப்ரீ குறி போட்டும் சாய்ந்தால், பக்கத்தின் வார்ப்புரு எல்லாக் குறிகளுக்கும் சேர்த்து ஒரு அழகான எழுத்துருவைத் திணித்திருக்கும். பெரியப்பாவின் கைபேசியில் நடந்தது அதுதான். கைபேசிக்கென்று தனியாக இருந்த சிஎஸ்எஸ் பகுதி ப்ரீ குறியையும் விட்டுவைக்கவில்லை.

லெட்டர்-ஸ்பேசிங், வேர்ட்-ஸ்பேசிங் இரண்டையும் சுழியாக்குங்கள். நடுவில் நிறுத்த ஆசைப்பட்டு டெக்ஸ்ட்-அலைனைச் சென்டர் என்று வைத்தால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நடுவுக்குப் போகும், நீளம் வேறுபடும் வரிகள் கலைந்துவிடும். சித்திரத்தை இன்லைன்-பிளாக் ஆக்கி, வெளிப்பெட்டியை மட்டும் நடுவில் நிறுத்தி, உள்ளே இடப்பக்க ஒழுங்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து சரி, அளவுதான் பொடியாகிவிட்டது

உலாவிகளில் ஒரு பழைய வினோதம் உண்டு. சாதாரண எழுத்தின் இயல்பளவு 16 பிக்சல், சம அகல எழுத்தின் இயல்பளவு 13 பிக்சல். மோனோஸ்பேஸ் என்ற சொல்லை மட்டும் தனியாக எழுதினால் இந்த 13 வந்து உட்காரும். அதே சொல்லை காற்புள்ளி போட்டு இரண்டு தடவை எழுதினால், அதாவது மோனோஸ்பேஸ், மோனோஸ்பேஸ் என்று, 16-க்குத் திரும்பிவிடும். கேட்பவர் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், பிறகு அப்படியே எழுதினேன். அளவைப் பிக்சலில் நேரடியாகச் சொல்லிவிட்டாலும் இந்தத் தொல்லை இல்லை.

கோடுகள் உடைந்திருக்கின்றன, அல்லது குறியிருக்கும் வரி மட்டும் நீண்டிருக்கிறது

முழக்கோலின் மூன்றாம் நான்காம் வரி விலகும் நோய் இது. ஹேஷும் புள்ளியும் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்து அட்டவணையைச் சேர்ந்தவை. 1963-இல் முதலில் வெளியான அந்த அட்டவணையின் இன்றைய வடிவில் அச்சாகும் குறிகள் 95, அநேகமாக எந்த எழுத்துருவிலும் அவை இருக்கும். பெட்டிக் கோடுகளும் கறுப்புக் கட்டைகளும் அப்படியல்ல. 1981-இல் வந்த ஐபிஎம் கணினியின் எழுத்து அட்டவணை அவற்றைப் பரவலாக்கியது. யூனிகோடில் இன்று 128 பெட்டிக் கோடுகளும் 32 கட்டைகளும் இருக்கின்றன. எல்லா எழுத்துருக்களும் அவற்றை வைத்திருப்பதில்லை. இல்லாததை உலாவி வேறொரு எழுத்துருவிலிருந்து எடுக்கும், அதன் அகலம் வேறாக இருக்கும்.

தீர்வு ஒன்றுதான்: இந்தக் குறிகள் உள்ள ஒரு சம அகல எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புவது. டேஜாவூ சான்ஸ் மோனோ இதற்கு நல்லது, இலவசம். ஆனால் எடை குறைக்கவென்று எழுத்துருவை நறுக்கி அனுப்பும் வழக்கம் உண்டு. ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டியதைச் சேர்த்தால் எழுத்துருவின் பெயர் சரியாக இருக்கும், கோடு மட்டும் உடைந்தே இருக்கும். நறுக்குவதானால் 9472 முதல் 9631 வரையிலான எண்களை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஐபோனில் வேறொரு கூத்து. முக்கோணமும் இதயமும் போட்ட பார்டர் ஒன்றில், அவை வண்ண எமோஜிகளாக மாறி வரியைத் தள்ளிவிட்டன. அந்தக் குறிக்குப் பின்னால் இடைவெளி விடாமல் `︎` என்று சேருங்கள். "இதை எழுத்தாகவே காட்டு" என்று உலாவிக்குச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி அது. அதையும் மதிக்காத இடத்தில் குறியையே மாற்றிவிடுவது உத்தமம். பார்டரில் இதயத்துக்கு என்ன வேலை என்று பெரியப்பா முன்பே கேட்டிருந்தார்.

வரிகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு

நிலைக்கோடுகள் துண்டு துண்டாகத் தெரிந்தால் லைன்-ஹைட்டைப் பாருங்கள். கட்டுரை படிக்க வசதியாகப் பக்கம் முழுக்க 1.6 வைத்திருப்பார்கள், ப்ரீ குறியும் அதை வாரிசாகப் பெற்றுக்கொள்ளும். சித்திரத்துக்கு மட்டும் 1.2 வைத்து, இடைவெளி மறையும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எழுத்தளவும் வரி உயரமும் முழுப் பிக்சலாக வரும்படி பார்த்துக்கொண்டால் மயிரிழைக் கோடுகள் குறையும். ஆனாலும் திரையை 110 விழுக்காடு பெரிதாக்கினால் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே இழை எட்டிப் பார்க்கும். அதை முழுமையாக ஒழிக்க எழுத்தால் முடியாது. முழுக்கக் கட்டையால் ஆன படமென்றால், எழுத்தை விட்டுவிட்டு எஸ்விஜி என்ற வரைபட வடிவத்துக்குப் போய்விடுங்கள்.

பூ நெட்டையாகத் தெரிகிறது

இதை உலாவியின் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் நெசவாளி முதலில் பிடிப்பது இதைத்தான். "பூ சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் ஒல்லியாகிவிட்டான்" என்றார் பெரியப்பா.

சம அகல எழுத்துருக்கள் பலவற்றில் ஓர் எழுத்தின் அகலம் அதன் அளவில் 0.6 பங்கு. கூரியர் நியூ அப்படித்தான். வரி உயரம் 1.2 என்றால் ஒரு கட்டம் 0.6 அகலம், 1.2 உயரம். சரியாக ஒன்றுக்கு இரண்டு. கிராஃப் தாளில் சதுரமாக இருந்தது திரையில் நிமிர்ந்த செங்கல்லாகிவிடுகிறது. விடையும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தை இரண்டு தடவை போடுங்கள். இரண்டு 0.6 சேர்ந்தால் 1.2. கட்டம் சதுரமாகிவிடும்.

```
........##........
......######......
....####..####....
..####......####..
....####..####....
......######......
........##........
```

இதை அவரிடம் காட்டியபோது அவர் வியக்கவில்லை. தறியிலும் ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை என்று பார்த்துத்தான் அதற்கேற்ற கிராஃப் தாளை எடுப்பார்களாம். இரண்டும் ஒரே எண்ணிக்கை இல்லையென்றால் சதுரக் கட்டத் தாளில் வரைந்த வட்டம் துணியில் முட்டையாகும். நான் கண்டுபிடித்ததாக நினைத்தது அவர் சிறுவயதில் கற்ற பாலபாடம்.

தமிழ் எழுத்து வந்த வரியில் மட்டும் வலது ஓரம் ஆடுகிறது

நம்மவர்களுக்கே உரிய நோய். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு மருந்து கிடைக்காது.

```
+------------+
| ஈரோடு      |
| பவானி      |
| சென்னிமலை  |
+------------+
```

உங்கள் திரையில் வலப்பக்கக் கோடு நேராக நிற்கிறதா? நிற்காது. காரணம் இரண்டு. ஒன்று அகலம். ர-வும் ண-வும் ஒரே அகலத்தில் இருந்தால் தமிழ் படிக்கச் சிரமம். அதனால் ப்ரீ குறிக்குள்ளும் தமிழ் எழுத்து தன் அகலத்திலேயே வரும். சம அகல எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் இருப்பதில்லை, உலாவி வழக்கமான தமிழ் எழுத்துருவிலிருந்து எடுத்து நடுவில் செருகுகிறது.

இரண்டாவது எண்ணிக்கை. நாம் ஈரோடு என்பதை மூன்றெழுத்து என்போம். கணினிக்கு அது ஐந்து: ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகாரக் குறி. சென்னிமலை நமக்கு ஐந்து, அதற்கு ஒன்பது. கோயம்புத்தூர் நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று. நிரலில் "பன்னிரண்டு எழுத்து வரும்வரை இடைவெளியால் நிரப்பு" என்று எழுதியிருந்தால், அது புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணி இடைவெளியைக் குறைத்துவிடும். கோயம்புத்தூருக்கு இடைவெளியே கிடைக்காது, பெட்டி கிழியும்.

எழுத்துருவைத் தேடி அலையாதீர்கள், நான் அலைந்து பார்த்துவிட்டேன். மூன்று வழி உண்டு. தமிழ்ச் சொல்லை ஒரு ஸ்பான் குறிக்குள் வைத்து, இன்லைன்-பிளாக் ஆக்கி, அகலத்தைச் சிஎச் அலகில் கொடுக்கலாம். அந்த அலகு என்பது எழுத்துருவின் சுழியம் எவ்வளவு அகலமோ அவ்வளவு. பத்துச் சிஎச் கொடுத்தால் சொல் எதுவானாலும் பத்துக் கட்டம்தான் பிடிக்கும், அதற்குள் அடங்கும்வரை. தமிழ் வரியின் உயரம் கூடிச் சித்திரம் விரிந்தால், சொல்லை அந்த ஸ்பானுக்குள் இன்னொரு ஸ்பானில் வைத்து, உள்ளே இருப்பதன் எழுத்தளவை மட்டும் சற்றுக் குறையுங்கள். வெளி ஸ்பானின் அளவைக் குறைத்தால் சிஎச்சும் சுருங்கிவிடும். இரண்டாவது, பெட்டி என்று ஆசைப்படும் இடத்தில் அட்டவணைக் குறியையே போட்டுவிடுவது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பெரியப்பாவின் தாளில் இருப்பதும் அதுதான். சித்திரத்துக்குள் 1, 2, 3 என்று எண்ணை மட்டும் வைத்து, எந்த எண் எந்த வண்ணம் என்பதைக் கீழே தமிழில் எழுதுவது. எண் ஆஸ்கியில் இருக்கிறது, ஆடாது.

சாய்கோடுகளைக் காணோம், அல்லது பாதிப் படத்தையே காணோம்

பின்சாய்கோடு பல இடங்களில் கட்டளைக் குறி. ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் சித்திரத்தை வைத்தால் அதை இரண்டு தடவை எழுத வேண்டும், இல்லையென்றால் விழுங்கப்படும். பாதிப் படம் மறைந்தால் இடப்பக்கக் கூர்முனையை (`<`) தேடுங்கள். அதற்கு அடுத்து எழுத்தோ சாய்கோடோ வியப்புக்குறியோ வந்தால் உலாவி அதை ஒரு குறியின் தொடக்கமாக எண்ணி, அடுத்த வலப்பக்கக் கூர்முனை வரையில் மறைத்துவிடும். ப்ரீ குறிக்குள் இருந்தாலும் தப்பாது. கூர்முனைக்குப் பதில் `<` என்றும், உம்மைக் குறிக்கு (`&`) பதில் `&` என்றும் எழுதுங்கள்.

இரண்டு சிறுகோடுகள் ஒரு நீளக்கோடாகவும், மூன்று புள்ளிகள் ஒரே குறியாகவும் மாறியிருந்தால் எழுதும் கருவியின் தானியங்கித் திருத்தம் கைவைத்திருக்கிறது. புள்ளியால் பூப்போட்டவனுக்கு இது பெரிய அடி: மூன்று கட்டம் ஒரு கட்டமாகச் சுருங்கிவிடும். அதை அணைத்துவிட்டுச் சித்திரத்தை மறுபடி ஒட்டுங்கள். ஏற்கெனவே மாறியது தானாகத் திரும்பாது.

முழக்கோல் சரி, சித்திரம் மட்டும் சரியில்லை

மூலத்தில் டேப் இருக்கிறது. உலாவி அதை எட்டெழுத்து நிறுத்தமாகக் கொள்ளும், உங்கள் எழுதும் கருவி நான்காகக் காட்டியிருக்கும். எல்லா டேப்பையும் இடைவெளியாக மாற்றிவிடுங்கள்.

கோட்டுக்குப் பதில் குப்பை

ஒரு கோடு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று குப்பை எழுத்து, அதில் முதலாவது தலையில் கூரை வைத்த ஆங்கில ஏ. இதைப் பார்த்தால் கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறை), உலாவியோ அதை வேறொன்றாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒரு பெட்டிக் கோட்டுக்கு மூன்று பைட். அந்த மூன்றும் தனித்தனி எழுத்தாகத் தெரிகின்றன. பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், குறிமுறை யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா குறி இருக்கவேண்டும். தலைப்பகுதியில் நீண்ட குறிப்புரைகளை எழுதி அதைக் கீழே தள்ளிவிட்டால் பயனில்லை. குப்பைக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் இருந்தால் நிலைமை மோசம். கோப்பைச் சேமிக்கும்போதே குறிகள் அழிந்துவிட்டன. பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமித்தவர்களுக்கு இது நேரும். 2019-க்குப் பிறகு வந்த பதிப்புகள் இயல்பாகவே யூடிஎஃப்-8-இல் சேமிக்கின்றன.

கைபேசியில் வரி மடிந்து அடுத்த வரியில் விழுகிறது

72 கட்டம் அகலமுள்ள ஒரு பார்டர், கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றாலே, 16 பிக்சல் எழுத்தில் ஏறக்குறைய 691 பிக்சல் பிடிக்கும். பல கைபேசிகளின் திரை 360. எங்கோ ப்ரீ-ராப் என்று வைத்திருப்பதால் மடிகிறது. அதை ப்ரீ என்றே மாற்றி, ஓவர்ஃப்ளோ-எக்ஸை ஆட்டோ ஆக்கினால் விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். முழுப் பூவும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் எழுத்தைச் சுருக்க வேண்டும்: ஓரம் போக 328 பிக்சல், அதை 43.2-ஆல் (72 தடவை 0.6) வகுத்தால் 7.6 பிக்சல். படிக்க முடியாது, ஆனால் பூ தெரியும். உலாவியில் குறைந்தபட்ச எழுத்தளவு வைத்திருப்பவர்களுக்கு இதுவும் பலிக்காது. கைபேசியைச் சாய்த்ததும் எழுத்து தானாகப் பெருத்தால் டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்டை 100 விழுக்காடு என்று கட்டிப்போடுங்கள்.

இருள் தோற்றத்தில் பூவும் தரையும் இடம் மாறித் தெரிந்தால், சித்திரப் பெட்டிக்கு எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் கறுப்பில் கறுப்பாகிவிடும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு இந்தப் பூ "ஹேஷ், ஹேஷ், ஹேஷ்" என்றுதான் கேட்கும். பெட்டியின் ரோல் பண்பை ஐஎம்ஜி (`img`) என்று வைத்து, ஏரியா-லேபிலில் "வைர வடிவப் பார்டர் பூ, ஒன்பதுக்கு ஏழு கட்டம்" என்று ஒரு வரி எழுதினால் அதை மட்டும் படிக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு பெரியப்பா கேட்டது, அந்தப் பூவை வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா என்று. மேலேயும் கீழேயும் மூன்று தலைகீழ் ஒற்றைக்குறி (`) போட்டால் அங்கும் சம அகல எழுத்து வரும். சின்னப் பூ நேராகப் போய்ச் சேர்ந்தது. 72 கட்டப் பார்டர் மடிந்து விழுந்தது. அங்கே சிஎஸ்எஸ் இல்லை, தள்ளிப் பார்க்கும் வசதியும் இல்லை. திரையைப் படமெடுத்து அனுப்பினேன்.